லோடுக்குக் காத்திருக்கும் நாட்கள்

நாமக்கல் லாரி ஓட்டுநர்களையும் எச்ஐவியையும் சேர்த்துப் பேசினால் 'ஒழுக்கம்' என்ற சொல் உடனே வந்துவிடும். எனக்கு அது அலுத்துவிட்டது. நடப்பைப் பாருங்கள். வடக்கே சரக்கை இறக்கியபின் ரிட்டன் லோடு கிடைக்காமல் சில சமயம் நாட்கணக்கில் நிற்க வேண்டும். கையில் படிக்காசு, வீடோ வெகுதூரம். சாலையோரம் அவரைச் சந்திக்கும் பெண்ணுக்கு அன்றைய சோறும் வாடகையும்தான் கவலை. ஆணுறை இல்லாமலிருக்கக் கூடுதல் பணம் தருகிறேன் என்று பேரம் பேசினால் மறுப்பது சுலபமில்லை. ஊரிலிருக்கும் மனைவி பாடு இன்னும் மோசம். ஆணுறை கேட்டாலே 'என்மேல சந்தேகமா?' என்ற கேள்வி வரும்.

நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ஏஆர்டி மையங்கள் எனப்படும் அரசு எச்ஐவி சிகிச்சை மையங்களில், கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தும் 2004 முதல் இலவசம்தான். ஆனால் மையம் திறந்திருக்கும் பகலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் படி போச்சு. முன்பு அந்தக் கூட்டில் கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்து தலைசுற்றலும் மந்தமும் தரும், இரவில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு ஒத்துவராது. இப்போது வரும் டோலுடெகிராவிர் கலந்த மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு, நாளுக்கு ஒன்றே போதும். வழியில் தீர்ந்துபோனால் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி அருகிலுள்ள ஏஆர்டி மையத்தில் கேட்கலாம். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097, கட்டணமில்லாத எண்.