பரணிலிருந்து இறங்கியவை

2025 ஜனவரி 3, வெள்ளி

கும்பகோணத்து வீட்டைத் தை முடிவதற்குள் வாங்கியவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என நீண்டு செல்லும் இந்த வீட்டில் அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்தவற்றில், சென்னையில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்குள் எத்தனை அடங்கும் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எண்பத்து நான்கு வயதாகும் அம்மாவின் மனம் நோகுமே என்றுதான் நானும் தம்பியும் பொங்கலையும் தாண்டித் தள்ளிப்போடப் பார்த்தோம். அம்மாவே நாள் குறித்து, பரணில் ஏற ஆளையும் வரவழைத்துவிட்டார்.

இன்று இறங்கியவை பாத்திரங்கள். அண்டா, தவலை, குண்டான், கூஜா, தூக்கு, அடுக்கு என்று கூடம் நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. இது யாருடைய கல்யாணத்துக்கு வந்தது, இது யாருடைய காதுகுத்துக்கு வைத்துக்கொடுத்தது என்று அம்மா கண்ணாடி போடாமலே சொல்கிறார். சொல்லி முடித்த கையோடு, "கடையில போட்டுடு" என்கிறார். அந்த வேகம்தான் எனக்குத் தாங்கவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார். பழைய பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருத் தெருவாக வந்த காலத்தில், அம்மா தம் கூறைப்புடவையைக் கொடுத்து ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு வாங்கினாராம். அப்படி வாங்கிய புடவைகளை எரித்துத்தான் சரிகையிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள் என்பது அப்போதே அவருக்குத் தெரியும். கிழிந்துபோன புடவையைவிட, மாதம் முழுவதற்கும் அரிசி கொட்டி வைக்க ஒரு பாத்திரம் கிடைத்தது பெரிதாகத் தோன்றியது என்றார். நான் கல்யாணப் பொக்கிஷம் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அடுக்கு அதுதான்.

2025 ஜனவரி 6, திங்கள்

பாத்திரங்களைப் பிரிக்கும்போது ஒன்று தெளிவாயிற்று. அம்மா விடத் தயங்குபவை எல்லாம் இன்றும் அடுப்பில் ஏறுபவை. நான் விடத் தயங்குபவை எல்லாம் நான் தொட்டுக்கூடச் சமைத்திராதவை.

பித்தளை அண்டாக்களுக்காக நான் வாதாடினேன். ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு இந்தத் தெருவுக்கு வந்து எத்தனையோ காலமாகிறது. தண்ணீர் பிடித்து வைக்கலாமே என்றேன். ஐந்தாவது மாடியில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில், எதற்கு என்று கேட்டார். பதில் இல்லை. அண்டாக்கள் எடைக்குப் போயின.

ஆனால் ஈயச் சொம்பை அவர் கையிலிருந்து யாரும் வாங்க முடியாது. காரீயத்தில் அல்லாமல் வெள்ளீயத்தில் செய்தது அது. வெறுமனே அடுப்பில் வைத்தால் 232 டிகிரி செல்சியஸில் உருகி ஒழுகிவிடும் என்பதால் மருமகள்களிடம்கூட நம்பிக் கொடுக்கமாட்டார். வெண்கலப் பானையும் கல்சட்டியும் வருகின்றன. கல்சட்டியை லாரியில் ஏற்றக்கூடாதாம், காரில் மடியில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டுமாம். யார் மடியில் என்று அவர் சொல்லவில்லை; எனக்குத் தெரியும்.

2025 ஜனவரி 9, வியாழன்

இன்று காகிதங்கள். பாத்திரங்களைவிட இது பெரும்பாடு. பாத்திரத்துக்கு எடை இருக்கிறது, விலை இருக்கிறது, அதனால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. அப்பாவின் கையெழுத்தில் உள்ள பால் கணக்கு நோட்டுக்கு அவை எதுவும் இல்லை.

மூலப் பத்திரமும் தாய்ப்பத்திரங்களும் வாங்கியவருக்கு. மின்கட்டண ரசீதுகளும் தீர்ந்துபோன கடன் காகிதங்களும் பழைய பேப்பர் கடைக்கு. கம்பியில் குத்தி மாட்டியிருந்த இன்லண்டு லெட்டர்களை மட்டும் பிரிக்காமல் அப்படியே எடுத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தேன். தம்பியும் உடன் இருக்கும்போது படிக்க வேண்டியவை அவை.

இந்த ஊர்க் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர், ஆடிப்பெருக்கில் ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்ட வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். காகித மூட்டை கட்டும் எவருக்கும் அந்தச் செய்தி கையைப் பிடித்து இழுக்கும். வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து அப்பா பைண்டு செய்து வைத்திருந்தவற்றை அதனாலேயே ஒதுக்கி வைத்து, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். 1994இல் தொடங்கிய அந்த நூலகத்தின் அடித்தளமே, கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான். ஆனாலும் அவரைக் காட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை வந்துவிடாது. தம்மிடம் இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பரணில் இருந்தது இன்னதென்று இந்த வாரம் வரை எங்களுக்குத் தெரியாது.

2025 ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையிலேயே தெருவெங்கும் புகை. கிழிந்த கோரைப்பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் எரித்த வழக்கத்தில் இன்று நைலான் பாயும் ரெக்ஸின் பையும் சேர்ந்துவிட்டன. 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தால் விமானங்களே தடைபட்டன. அம்மா ஒரே ஒரு கோரைப்பாயைக் கொளுத்தச் சொல்லி, சாத்திரத்துக்கு இது போதும் என்று முடித்துக்கொண்டார்.

அப்பாவின் வேட்டிகளை நெருப்பிலும் போடவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. பல முறை துவைத்து மெலிந்து மிருதுவாகிப்போன அவை பொம்மைகளைச் சுற்ற வேண்டுமென்று எடுத்து வைத்தார்.

2025 ஜனவரி 18, சனி

கொலுப் பொம்மைகள். பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள் கனமில்லாதவை, ஆனால் ஈரம் ஆகாது. மண் பொம்மைகளில் பாதிக்கு மூக்கோ விரலோ போயிருக்கிறது. தசாவதாரத்தைப் பிரிக்கக்கூடாது, அதனால் கொடுப்பதென்றால் பத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். புதிதாகக் கொலு வைக்கத் தொடங்கியிருக்கும் எதிர்வீட்டு மருமகளுக்கு அவற்றைக் கொடுத்தோம். எந்தப் பொம்மை எந்தப் படியில் நிற்கவேண்டும் என்று அம்மா அவளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். என்னிடம் இவ்வளவு பொறுமையாக ஒருநாளும் விளக்கியதில்லை. நானும் உட்கார்ந்து கேட்டதில்லை.

மரப்பாச்சி ஜோடி எங்களோடு வருகிறது. படி கட்ட இடமில்லாத வீட்டில் ஒரு பலகையில் அந்த இரண்டை மட்டும் வைத்தாலும் கொலுதான் என்பது அவர் தீர்ப்பு.

பொம்மைகளை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லாதது எனக்கே வியப்பாக இருக்கிறது. அண்டா உருக்கப்பட்டுவிடும், தசாவதாரம் புரட்டாசியில் எதிர்வீட்டுக் கூடத்தில் நிற்கும். இந்த வேறுபாடு புரிந்தபின், மிச்சமிருந்தவற்றுக்குக் கடை தேடாமல் ஆள் தேடினேன். ஊஞ்சல் பலகை சித்தி மகன் வீட்டுக்கு. தையல் இயந்திரம், அதை ஓட்டத் தெரிந்த பூக்காரம்மாவின் மகளுக்கு. ஆள் கிடைக்காதவை காயலான் கடைக்கே போயின; அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2025 ஜனவரி 25, சனி

சென்னை. சமையலறை மேடையில் ஈயச் சொம்பும், அதன் கீழ் வெண்கலப் பானையும் இடம் பிடித்துவிட்டன. கல்சட்டி பழுதின்றி வந்து சேர்ந்தது, என் முழங்கால்தான் மரத்துப்போயிற்று. கூறைப்புடவை கொடுத்து வாங்கிய எவர்சில்வர் அடுக்கை நான் பிடிவாதமாகக் கொண்டுவந்தேன். அது எந்த அலமாரியிலும் நுழையவில்லை. கீழே காவலாளி வீட்டில் அரிசி கொட்டி வைக்கப் பாத்திரமில்லை என்று அம்மா வந்த மறுநாளே விசாரித்து வைத்திருக்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அவனிடம் காட்டிய பிறகு கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.