கொத்தாக உதிர்ந்த முடி

குடல் நோய்ப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு நாட்-2 என்ற மரபணு மீது ஒரு மயக்கமே இருந்தது. குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் கிரோன்ஸ் நோயோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் மரபணு, 2001இல். குடலுக்குள் வரும் பாக்டீரியாவை மோப்பம் பிடிக்கும் புரதம் அதிலிருந்து உருவாகிறது. ஓ.பி.யில் யாராவது "இது பரம்பரை வியாதியா டாக்டர்?" என்று கேட்டால் போதும், படம் போட ஆரம்பித்துவிடுவேன். ஐரோப்பியர்களிடம் அதிகம் பேசப்படும் அதன் மூன்று மாற்றங்கள் நம்மவர்களிடம் அரிது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எனக்குப் பாடம் எடுத்தது வேறொரு மரபணு. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண், பெருங்குடல் புண் நோய். ஸ்டீராய்டைக் குறைக்க, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசாதயோபிரின் மாத்திரை தொடங்கினோம். மூன்றாவது வாரம் அவள் அம்மா வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே கொத்தாக முடி. மாத்திரை கொடுத்த நாங்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தோம். அன்று பார்த்தபோது வெள்ளணுக்கள் ஆயிரத்துக்குக் கீழே, கூடவே காய்ச்சல். தனி அறை, ஆன்டிபயாட்டிக், பத்து நாள் தூக்கமில்லை.

என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தது, இரண்டு பிரதியிலும். இந்த மருந்தின் வீரியத்தை அடக்குவது அந்த மரபணுவின் வேலை. கொரிய நோயாளிகளிடம் 2014இலேயே கண்டுபிடித்த விஷயம். ஆசியர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான். நான் ஐரோப்பியப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "ஒண்ணு என்கிட்டேருந்து, ஒண்ணு அவங்கப்பாகிட்டேருந்து வந்ததுன்னா, வியாதியும் நாங்க குடுத்ததுதானே?" என்றார். இல்லை, அது மருந்து ஒத்துக்கொள்ளாத மரபணு, நோய் கொடுக்கும் மரபணு அல்ல என்றேன். நோய்க்குத் தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுப்பில் 200க்கும் மேல், ஒவ்வொன்றும் கடுகளவு தள்ளிவிடும், அவ்வளவுதான். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்குப் பெருங்குடல் புண் வந்தாலும், மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இதைச் சொன்னதும்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஜாதகம் போலப் படிக்க முடியாத கட்டம் இது.

"தம்பிக்கு டெஸ்ட் எடுக்கணுமா?"

நோய் இல்லாதவனுக்கு இப்போது வேண்டாம், என்றைக்காவது இந்த மாத்திரை எழுதினால் முதலில் சொல்லுங்கள் என்றேன். மகளின் நோட்டில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி அடித்துக் காட்டினேன். தமிழிலும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.