இஸ்தோப்பில் நடந்த வகுப்பு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். ஆசிரியர் தட்டுப்பாடு எங்கள் பக்கம் எப்போதும் உள்ளதுதான். அதனால் நாடகமும் அரங்கியலும் பாடமும் என் பொறுப்பில் வந்தது. காலையில் கணினி, மத்தியானம் கூத்து. இரண்டையும் ஒரே பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்ததில் எனக்கு உறுதியாகிப்போன ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துக்குள் வருகிற கருவி எதுவானாலும், இங்குள்ள சனம் ஏற்கெனவே கூடிப் பழகிய வழியில் போனால் நிலைக்கிறது. ஒரு பிள்ளை, ஒரு போன், ஒரு தனி அறை என்ற கணக்கோடு வந்தால் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

தனி அறை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம். அதில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, பெரும்பாலும் 10க்கு 12 அடி. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, சாமி படம், பிள்ளைகளின் புத்தகப் பை. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. குடும்பம் பெருகிய வீடுகளில் அந்த இஸ்தோப்பையும் தகரம் அடித்து மறைத்து இன்னொரு அறையாக்கியிருப்பார்கள். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து சூம் வகுப்பில் ஒலிவாங்கியைத் திறந்து பதில் சொல் என்றால் எந்தப் பிள்ளை திறக்கும்? விடை தெரிந்த பிள்ளையும் வாயைத் திறக்காமல் இருந்துவிடும்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. நகரத்தில் பலர் வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் வழக்கம்போலப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய் மலை ஏறினார்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் மலையகத்தின் இணையவழிக் கல்வியைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அம்மாவோடு மலையில் இருந்தது, இல்லாவிட்டால் கொழும்புக் கடையில் மாட்டிக்கொண்ட அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் காலை எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய செயலட்டை, கொழுந்து நிறுத்து முடித்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அப்புறம் அம்மாவுக்குச் சமையல், பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலை. பாடம் தொடங்கும்போது இருட்டிவிடும்.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. பாடநூல்களைப் பிடிஎஃப் வடிவில் இறக்கிக்கொள்ளலாம். தொலைக்காட்சியிலும் தமிழில் பாடம் ஒளிபரப்பானது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் டிவிசனுக்குச் சிக்னல் இறங்காது. கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம்; லயம் இந்தப் பக்கம். பிள்ளைகள் கோயில் மேட்டுக்கும் தேயிலை மலையின் உச்சிக்கும் ஏறிப் போனதைப் பத்திரிகைகளில் பலரும் படமாகப் பார்த்திருப்பீர்கள். மழை தொடங்கினால் அட்டைக்கடிக்கு நடுவில் நின்றுகொண்டுதான் ஒரு காணொளியை இறக்க வேண்டும்.

இந்த நிலையில் வழி கண்டது பாடசாலை இல்லை, லயம்தான். எங்கள் கீழ்ப்பிரிவில் உயர்தரம் படித்த ஒரு பிள்ளை, தன் லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கான செயலட்டைகளையெல்லாம் மேட்டுக்குப் போய் ஒரே போனில் இறக்கிக்கொண்டு வந்தாள். மறைக்காமல் விட்டிருந்த ஓர் இஸ்தோப்பில் பாய் விரித்து, தரம் 6 பிள்ளைக்கு ஒரு பக்கம், தரம் 9 பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று வாசித்துச் சொல்ல, பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வாழ்கிறவர்கள்தானே. வேறு லயத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது பரவி மற்ற லயங்களிலும் ஒவ்வோர் அக்காவோ அண்ணாவோ பொறுப்பெடுத்தார்கள். எழுதிய கொப்பியின் படங்கள் இரவு பத்து மணிக்கு என் போனுக்கு வந்து விழும். ஒரே படத்தில் மூன்று பிள்ளைகளின் கையெழுத்து இருக்கும்.

நாங்கள் செய்தது அதற்கு ஏற்ப எங்களை மாற்றிக்கொண்டதுதான். நேரலை வகுப்பை நிறுத்தினோம். நீளமான காணொளிக்குப் பதில் சின்னக் குரல்பதிவு அனுப்பினோம். அதை மேட்டில் இறக்கிக்கொண்டு வந்தால் லயத்தில் எத்தனை தரமும் போட்டுக் கேட்கலாம். குரல்பதிவை அடுப்படியில் நின்ற அம்மாமாரும் கேட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒன்றைக் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி இப்படிச் சொல்லல்லியே சேர்" என்று ஒரு தாய் எனக்குப் பதில் குரல் அனுப்பினார். பாடசாலைக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்தவர் இல்லை அவர்.

எழுத்துருத் தொல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. இலங்கையில் தமிழ் வினாத்தாள் தயாரிப்பவர்களில் நிறையப் பேர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் அடித்த எழுத்து கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். அந்தக் காலத்தில் எத்தனையோ கடந்தகால வினாத்தாள்கள் இப்படிப் பயனில்லாமல் போயின. தன் போனில்தான் கோளாறு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வசதி குறைந்த பிள்ளைக்கு எந்தத் தவறும் தன்னுடையதாகவே தெரிகிறது. நான் தரம் 10க்கு யூனிகோட் தட்டச்சை மற்றப் பாடங்களுக்கு முன்னால் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

யூடியூபில் பாடம் தேடுகிற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டுப் பாடங்கள். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. பாடத்திட்டமும் வேறு. கெட்டிக்காரப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மற்றவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். நம் நாட்டு ஆசிரியர்கள் இப்போது நிறையவே காணொளி போடுகிறார்கள், பெரிய உதவி. ஆனால் அவற்றில் மலையக ஆசிரியரின் குரல் இன்னும் குறைவு. எங்கள் ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

படிவங்களைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. எத்தனை மாணவரிடம் சாதனம் இருக்கிறது, எத்தனை பேரிடம் இணைய வசதி இருக்கிறது என்று கேட்டு வரும். ஆம், இல்லை என்று நிரப்பி அனுப்புவோம். எந்த லயத்தில், எத்தனை மணிக்கு, யாரிடம் போன் இருக்கும் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. அதைக் கேட்டிருந்தால் மாலை நேர வகுப்புக்கு ஒரு ஒழுங்கும், லயத்து அக்காமாருக்கு ஒரு சின்னக் கொடுப்பனவும், மேட்டில் ஒரு கூரையும் கிடைத்திருக்கும். உதவியாக வந்த ஸ்மார்ட் போர்ட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மின்சாரம் போய் வந்துகொண்டிருக்கும் இடத்தில், மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஊறும் அறையில், அது வருடத்தின் பாதி நாள் உறைக்குள்தான். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது கொப்பியும் இஸ்தோப்பு வகுப்பும்தான் மறுபடி கைகொடுத்தன.

கூடி வாழ்வதில் எல்லாம் நன்மை என்று சொல்ல வரவில்லை. லயத்துக்கெல்லாம் பொதுவான போனில் ஒரு பெண் பிள்ளைக்கு இரகசியம் என்று எதுவும் இல்லை. அவளுக்கு வந்த செய்தியை அண்ணன் வாசிப்பான், மாமா வாசிப்பார். வகுப்புத் தோழன் கணக்குக் கேட்டு எழுதியதற்கு அடி வாங்கிய பிள்ளையை எனக்குத் தெரியும். சாதாரண தரப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் வெளியாகும் நாளில் சுட்டெண்ணை ஒருவர் அடிக்க, லயமே சுற்றி நின்று பார்க்கும். நல்ல பெறுபேறு என்றால் தோட்டத்துக்கே திருவிழா. குறைந்த பிள்ளை அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் தன் பெறுபேற்றை முதன்முதலில் பார்க்கிறது. அதனால் இப்போது பெறுபேறு பார்க்க விரும்புகிறவர்கள் தனியாக வந்து பார்க்க, அன்று கணினி அறையைத் திறந்து வைக்கிறேன். நிறையப் பெண் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஆனாலும் இணையத்தில் பெறுபேறு வருவது எங்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிய விஷயம். லயத்து வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த கதை தோட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும். 200 வருடம் இந்த மண்ணில் வேர்விட்ட சனத்துக்கு ஒரு வீட்டிலக்கம் கொடுப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

மண்சரிவு எச்சரிக்கை இன்னொரு இடம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் தலைமுறை மறக்காது. இப்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போனுக்கு வருகிறது. சிவப்பு வந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதை என் வகுப்பில் பாடமாகவே படிப்பிக்கிறேன், வீட்டில் போய்ச் சொல்ல வைக்கிறேன். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் மின்சாரமும் போன் தொடர்பும் ஒன்றாகவே அறுந்தன. எங்கள் பக்கத்தில் கோயில் மணியை விடாமல் அடித்து, இளைஞர்கள் லயம் லயமாக ஓடிச் சொல்லித்தான் மேட்டிலுள்ள வீடுகளைக் காலி செய்தார்கள். கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்லப் போகிற வழியும் அதுதான். யார் எந்த லயத்துக்குப் போவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் கூத்துக்கு வருகிறேன். மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டால் தோட்டத்தில் காமன் கூத்து தொடங்கிவிடும். ரதியும் மதனும் மணம் முடிப்பதும், ஈசன் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதும், ரதியின் ஒப்பாரியும் எல்லாம் விடிய விடிய நடக்கும். எங்கள் கூத்து வாத்தியார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிப் பென்சன் வாங்கியவர். அவருடைய தகப்பனார் எழுதி வைத்த பாட்டுக் கொப்பி ஒன்று பொடிந்துபோகும் நிலையில் இருந்தது. அதைப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். தட்டச்சுப் பயிற்சிக்கு வேறு எதையும் கொடுக்காமல் அந்தப் பாட்டுகளையே கொடுத்தேன். சொல் விளங்காத இடத்தில் பிள்ளைகள் அவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் சொல்லிக் காட்ட மாட்டார், பாடித்தான் காட்டுவார். அதையும் பதிவு செய்துகொண்டு வருவார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையகத்துப் பழைய இதழ்களைப் போனிலேயே வாசிக்க முடிகிறது. தங்கள் தோட்டத்துப் பாட்டையும் அப்படி ஒரு நாள் யாராவது வாசிப்பார்கள் என்ற எண்ணம் வந்த பிறகு பிள்ளைகள் எழுத்துப் பிழை விடுவது குறைந்தது. இலக்கண வகுப்பால் முடியாதது அது.

கூத்தை முகநூலில் நேரலையாகப் போட்டபோது கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பையன்களும், கட்டாரிலும் டுபாயிலும் இருப்பவர்களும் இரவு முழுவதும் பார்த்தார்கள். அடுத்த வருடச் செலவுக்குக் காசும் அனுப்பினார்கள். இன்னொரு பக்கம், மதன் எரியும் இடத்தை மட்டும் வெட்டி அரை நிமிடத் துண்டாகப் பரப்பினார்கள். பாட்டு இல்லை, ஒப்பாரி இல்லை, நெருப்பு மட்டும். வாத்தியாருக்கு அது பெரிய வருத்தம். அவரோடு உட்கார்ந்து பேசிச் சில ஒழுங்குகள் வைத்தோம். கம்பம் நடும் பூசையைப் படம் எடுப்பதில்லை. கூத்தில் வேடம் கட்டியவர் எடுக்கக்கூடாது. போட்டால் முழுதாகப் போடுவது, துண்டாகப் போடுவதில்லை.

பிரச்சினை வந்தது பெயரில். பதிவின் கீழே யார் யார் பங்கெடுத்தார்கள் என்று பிள்ளைகள் பட்டியல் எழுதினார்கள். தப்பு என்கிற பறையை அடித்தவர்களின் பெயர்களை முதலில் போட்டிருந்தார்கள். தப்பு இல்லாமல் ஓர் அடியும் ஆட முடியாது என்று வகுப்பில் படித்ததை அப்படியே செய்திருந்தார்கள். தோட்டத்தில் சாமி கும்பிடும்போது தப்பு அடிப்பவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைக்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதை நான் கேட்டதே இல்லை. கோயில் கமிட்டியில் சிலர் கோபப்பட்டார்கள். தலைவர் பெயருக்கு மேலே அந்தப் பெயர்களா என்று கேட்டார்கள். பட்டியலை மாற்று என்று எனக்குச் சொன்னார்கள். எழுதியவர்கள் பிள்ளைகள், அவர்களிடமே கேளுங்கள் என்றேன். கமிட்டி முன்னால் தரம் 11 மாணவி ஒருத்தி எழுந்து நின்று, "வாத்தியார் தாத்தா சொன்ன ஒழுங்கிலதான் எழுதினோம் ஐயா. முதல்ல தப்பு சத்தம்தானே வருது" என்றாள். வாத்தியார் தலையாட்டினார். கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். பட்டியல் அப்படியே இருக்கிறது. கட்டாரிலிருந்து தப்புக்காரர் ஒருவருடைய மகன் அதன் கீழே தன் அப்பாவின் பெயரைத் திரும்ப ஒரு தரம் தட்டச்சு செய்து போட்டிருந்தான். இந்த வருடம் அடவு பழகத் தப்புக்காரர்களைப் பாடசாலைக்கே கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறோம். அதிபரும் சம்மதித்து, அதற்கான நேரத்தை நேரசூசியில் போட்டுவிட்டார்.