தொழிலாளர் ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் செலவாகிறதா? பட்ஜெட்டுக்கு மனு தயாரித்த அனுபவம்

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லி மனு கொடுப்பது எங்கள் குழுவுக்குப் பழகிப்போன வேலை. சில சமயம் உயர்த்தியும் விடுவார்கள். ஆனால் அந்தக் கூலி தொழிலாளியின் கைக்கு வந்ததா என்று போய்ப் பார்ப்பது யார், அவர்களுக்குச் சம்பளமும் பயணச் செலவும் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். தொழிலாளர் ஆய்வுக்கு, அதாவது ஆய்வாளர்கள் பணியிடங்களுக்கு நேரில் போய்ச் சட்டப்படி நடக்கிறதா என்று சோதிப்பதற்கு, எவ்வளவு ஒதுக்குகிறார்கள், அதில் எவ்வளவு செலவாகிறது என்று கண்டுபிடித்து, பட்ஜெட்டுக்கு முந்தைய கருத்துக்கேட்பில் சொல்ல வேண்டும். எங்களில் யாரும் பொருளாதாரம் படித்தவர்கள் இல்லை. எக்செல் நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

பட்ஜெட் என்றால் நிதியமைச்சர் உரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உரையில் எங்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை. சர்வதேச அளவில் நாடுகளின் பட்ஜெட் வெளிப்படைத்தன்மையை அளக்கும் ஓபன் பட்ஜெட் சர்வே, ஓர் அரசு வெளியிட வேண்டிய ஆவணங்களாக எட்டைச் சொல்கிறது: பட்ஜெட்டுக்கு முந்தைய அறிக்கை, அரசின் முன்மொழிவு, நிறைவேறிய பட்ஜெட், மக்களுக்கான எளிய சுருக்கம், ஆண்டுக்குள் வரும் அறிக்கைகள், அரையாண்டு மதிப்பாய்வு, ஆண்டிறுதி அறிக்கை, தணிக்கை அறிக்கை. பத்திரிகைகள் அலசுவது இரண்டாவதை. எங்களுக்குக் கைகொடுத்தவை கடைசி இரண்டும்தான். என்ன செய்யப்போகிறோம் என்பது முன்மொழிவில் இருக்கும், என்ன செய்தார்கள் என்பது ஆண்டிறுதி அறிக்கையில்தான் இருக்கும்.

அடுத்த சிக்கல், பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் ஒளிந்திருக்கிறது என்பது. அரசுச் செலவுகளைப் பணி வாரியாகப் பிரிக்க ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட வகைப்பாட்டில் 10 பிரிவுகள் உண்டு. தொழிலாளர் துறையின் பொது நிர்வாகமும் ஆய்வும் நான்காவது பிரிவான பொருளாதார விவகாரங்களுக்குள் வருகின்றன. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையோ பத்தாவது பிரிவான சமூகப் பாதுகாப்பில் இருக்கிறது. இரண்டையும் கூட்டி 'தொழிலாளர் நலனுக்கு இவ்வளவு' என்று மேடையில் சொன்னால் தொகை பெரிதாகத் தெரியும். உதவித்தொகை கூடியதாலேயே அந்தத் தொகை கூடலாம். ஆய்வுக்கான பங்கு அதே சமயம் சுருங்கிக்கொண்டிருக்கலாம். எனவே எங்கள் முதல் வேலை, ஆய்வுக்குரிய தலைப்புகளைத் தனியாகப் பிரித்தெடுப்பது. அலுப்பான வேலைதான். நண்பர் இரவெல்லாம் உட்கார்ந்து பிடிஎப் கோப்பிலிருந்து எண்களை எக்செல்லுக்கு மாற்றினார்.

அப்புறம்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றும் ஒரே ஆண்டின் ஆவணத்தில் கிடைக்காது. ஓர் ஆண்டின் உண்மைச் செலவைப் பார்க்கப் பிந்தைய ஆண்டுகளின் ஆவணத்தைத் திறக்க வேண்டும். அப்படி ஆண்டு ஆண்டாக அடுக்கிப் பார்த்தபோது, ஆய்வாளர் சம்பளத் தலைப்பில் மதிப்பீடு கூடிக்கொண்டே போனது. உண்மைச் செலவு இருந்த இடத்திலேயே நின்றது. மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் கருவூலத்துக்குத் திரும்பியிருந்தது. சம்பளத்துக்கு ஒதுக்கிய பணம் மிச்சமாகிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை.

பயணச் செலவுத் தலைப்பில் கதை நேர்மாறு. ஒதுக்கியதே குறைவு, ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது. ஒதுக்கீடு 3 சதவீதம் கூடி விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அது வெட்டுதான், என்ன பெயர் வைத்தாலும். இருக்கும் ஆய்வாளரும் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, வரும் புகாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு வலுச் சேர்க்கப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையைப் படித்தோம். 1947இல் வந்தது, தொழில், வணிகத் துறைகளில் தொழிலாளர் ஆய்வு பற்றியது. விவசாயத்துக்கு 1969இல் 129ஆம் உடன்படிக்கை தனியாக வந்தது. ஆய்வாளர் எண்ணிக்கை போதுமான அளவு இருக்க வேண்டும் என்கிறது 81இன் 10ஆம் பிரிவு. 11ஆம் பிரிவு அலுவலகம், போக்குவரத்து வசதி, பயணச் செலவைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுகிறது. பயணப்படி என்ற சில்லறை விஷயத்தை ஓர் உலக உடன்படிக்கை பேசியிருப்பது எங்களுக்கே ஆச்சரியம். ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்றும், அதில் ஆய்வுப் பணியாளர், ஆய்வுக்கு உட்பட்ட பணியிடங்கள், அங்கே வேலை செய்வோர், ஆய்வுகள், விதிமீறல்கள், விபத்துகள் எல்லாம் இருக்க வேண்டும் என்றும் 20, 21ஆம் பிரிவுகள் சொல்கின்றன. எங்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிட்டது.

எத்தனை தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளர் என்பதற்கு அந்த அமைப்பின் ஆவணங்களில் ஓர் அளவுகோல் அடிபடுகிறது. தொழில் வளர்ந்த நாடுகளில் 10,000 பேருக்கு ஒருவர், தொழில்மயமாகிவரும் நாடுகளில் 15,000, சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிவரும் நாடுகளில் 20,000, மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000. இது உடன்படிக்கையில் உள்ள விதி அல்ல. மனுவில் இதை ஓரமாகத்தான் வைத்தோம். 'அது எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட முடிகிற வாதத்தை முன்னால் நிறுத்தக் கூடாது.

காலிப் பணியிடக் கணக்கைத் துறையிடமே தகவல் விண்ணப்பம் போட்டுக் கேட்டோம். அதில் 'ஏன்' என்ற சொல்லே இல்லாமல் பார்த்துக்கொண்டோம். ஏன் ஆள் எடுக்கவில்லை என்று கேட்டால் விளக்கம் வரும், தகவல் வராது. குறிப்பிட்ட தேதியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, காலி எத்தனை, மாவட்ட வாரியாக. அவ்வளவுதான். பதில் தாமதமாக வந்தாலும் முழுமையாக வந்தது. காலிப் பணியிடங்களையும் திரும்பிப் போன சம்பளத் தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது கணக்கு ஏறக்குறையப் பொருந்தியது.

இடையில் குழுவில் ஒரு விவாதம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989 முதல் மக்களே கூடி நகராட்சி முதலீடுகளை முடிவு செய்ததைப் போல, ஆய்வுக்கான ஒதுக்கீட்டையும் மக்கள் மன்றத்தில் வாக்குக்கு விடலாமே என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முறை குடிநீர், கழிவுநீர், சாலை போன்றவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். தெருவிளக்கும் ஆய்வாளரும் ஒரே வாக்குச்சீட்டில் இருந்தால் தெருவிளக்குதான் ஜெயிக்கும். ஆய்வாளர் வராததால் இழந்த கூலி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கருத்துக்கேட்பில் எங்களுக்குக் கொடுத்த நேரம் மிகக் குறைவு. மனுவை இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, ஒரே ஒரு அட்டவணை வைத்தோம். முதலில் ஒரு தையல் தொழிலாளி பேசினார். தன் ஆலைக்கு ஆய்வாளர் வந்து பார்த்ததே இல்லை என்று மட்டும் சொன்னார், அழுகையோ ஆவேசமோ இல்லை. கருத்துக்கேட்பை நடத்திய தலைவர் நாங்கள் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்.

"எல்லாரும் பணம் கேட்கிறீர்கள். எங்கிருந்து எடுப்பதாம்?"

"சம்பளத்துக்கு நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை ஐயா. நீங்கள் ஒதுக்கியதே வருஷா வருஷம் திரும்பி வருகிறது. அதைச் செலவு செய்யுங்கள் என்கிறோம்."

தலைவர் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். துறை அதிகாரியைத் திரும்பிக் கேட்டார். அவர் தயங்காமல் சொல்லிவிட்டார்: பணம் இருக்கிறது, ஆள் எடுக்கத் தனி அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு வேறு அலுவலகத்தில் நிற்கிறது. அதாவது பட்ஜெட்டில் ஒதுக்கீடு இருந்தாலே ஆள் எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு பக்கம் தாராளமாக ஒதுக்கிக் காட்டலாம், இன்னொரு பக்கம் நியமன அனுமதியை நிறுத்தி அதே பணத்தை மிச்சம் பிடிக்கலாம். இவ்வளவு ஆவணங்களைப் படித்தும் இது எங்களுக்கு எதிலும் கிடைக்கவில்லை. ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம் பொதுவில் கேட்டபோதுதான் கிடைத்தது.

புதிய பட்ஜெட்டில் பயணச் செலவுத் தலைப்பு விலைவாசியைத் தாண்டிக் கூடியிருந்தது. காலியிடங்களில் ஒரு பகுதிக்கு நியமன அனுமதி வந்திருக்கிறது, மீதி நிலுவையில்தான். எங்கள் மனுவால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், தொழிற்சங்கங்களும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. முதல் காலாண்டு அறிக்கையில் சம்பளத் தலைப்பு அசையவே இல்லை. இரண்டாவது வந்ததும் அதே எக்செல்லில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் அசையவில்லை என்றால் அரையாண்டு மதிப்பாய்வுக்கு முன்பாகவே இன்னொரு தகவல் விண்ணப்பம் போகும், இந்த முறை அனுமதிக் கோப்பு நிற்கும் அலுவலகத்துக்கு.