ஹாலேவில் எட்டாம் வாய்ப்பாடு

“உங்கள் மொழிதானே? கொஞ்சம் வாசித்துக் காட்டுங்களேன்.”

வழிகாட்டி அம்மையார் அன்பாகத்தான் கேட்டார். கண்ணாடிக்குள் ஒரு பனையோலைச் சுவடி. சுற்றிலும் எங்கள் மாணவர் குழு: மெக்சிகோ, கானா, வியட்நாம், தமிழ்நாட்டின் பிரதிநிதியாக நான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் படிக்க வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லாம் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிறு கடை இருக்காதென்று சனிக்கிழமையே பால் வாங்கிவிடுகிறேன். நள்ளிரவில் ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வார இறுதிச் சுற்றுலா என்றதும், எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இருபது பேருக்குச் சேர்த்து. அவரவர் டப்பாவை அவரவர் திறந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் அளவு தவறென்று புரிந்தது.

நாங்கள் நின்றிருந்தது ஹாலே நகரின் பிராங்கே நிறுவனத்தில். அது 1698இல் அநாதை இல்லமாகத் தொடங்கியது. ஹாலேவில் படித்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஹாலேவில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் பிறகு தரங்கம்பாடிக்குக் கப்பலில் போயின. ஏழாம் வகுப்பில் எங்களை மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனார்கள். டேனிஷ் கோட்டை நிழலில் ஆசிரியர் இதையெல்லாம் சொன்னபோது என் கவனம் முழுவதும் மாங்காய்ப் பத்தைக்காரரின் மிளகாய்த்தூள் டப்பாவில் இருந்தது. அந்த உப்புக்காற்றில் தூள் பறந்து கண்ணில் விழுந்தது இன்றும் நினைவிருக்கிறது.

சுவடியைக் குனிந்து பார்த்தேன். புள்ளி இல்லை. ஓலை கிழியுமென்று வைக்கமாட்டார்களாம். எகரமா ஏகாரமா, ரகரமா காலா, எதுவும் பிடிபடவில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. ஒரு ‘க’ தெரிந்தது; அதையும் ‘க்’ என்று படிக்கலாம். ஜெர்மானியர் ஒருவர் மணலில் உட்கார்ந்து கற்ற எழுத்து, பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்தவனைப் பார்த்து இளித்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓலையின் மேல் பார்வையை ஓட்டியபடி ராகமாகத் தொடங்கினேன்: “ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு...” ஐயெட்டு நாற்பதில் நிறுத்தினேன். கைதட்டல். கானா நண்பன் பொருள் கேட்டான்.

“எல்லாம் பெருகும் என்கிறது.”

ஆகா என்று தலையாட்டினான். கூரையிலிருந்து தொங்கிய பாடம் செய்த முதலை மட்டும் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் நெப்ரா வான்தட்டைப் பார்த்தோம். 3600 ஆண்டு பழைய வெண்கலத் தட்டில் பொன்னால் சூரியனும் பிறைநிலவும் நட்சத்திரங்களும். அழகுதான். என் மனமோ ஓலையை விட்டு நகரவில்லை. பாட்டி வீட்டுப் பரணில், சிவப்புத் துணியில் சுற்றி ஒரு கட்டு இருந்தது. தொட்டால் கையில் அடி விழும்.

திரும்பும் ரயிலில் அம்மாவை அழைத்தேன். “பரணில் இருந்த ஓலைக்கட்டு என்னம்மா ஆயிற்று?”

“அதையா? பாட்டி இறந்த வருடமே ஆடிப்பெருக்கன்று காவிரியில் விட்டாயிற்றே. படிக்கத்தான் யாருமில்லை. இப்போது எதற்கு அது? சோறு எல்லோருக்கும் போதுமானதாக இருந்ததா?”

“மிச்சமில்லை அம்மா” என்றேன். மடியில் பாத்திரம் கனத்தது.