கூடத்துக்கு ஒரு கணப்பு அடுப்பு

செப்டம்பர் 14
குளிர் வருவதற்குள் கூடத்தில் கணப்பு அடுப்பு வைத்துவிட வேண்டும். அம்மா பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறார். முதலில் அறையை அளந்தேன். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 2.5, மொத்தம் 50 கன மீட்டர். சூடு ஓரளவு தங்கும் வீட்டில் 12 முதல் 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் வெப்பம் என்று தோராயமாகக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 4 கிலோவாட் போதும்.

செப்டம்பர் 17
"பெரிசா வாங்கிடு, தேவைப்பட்டா குறைச்சு எரிச்சுக்கலாம்" என்கிறான் தம்பி. 8 கிலோவாட் அடுப்பு ஒன்றின் மேல் அவனுக்குக் கண். விறகு அடுப்பில் அந்த யோசனை எடுபடாது. விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல், சூடேறும்போது அது விடுகிற வாயு எரிவதால்தான் கிடைக்கிறது. அறை கொதிக்கிறதே என்று காற்றுத் திறப்பைச் சாத்தினால் அந்த வாயு எரியாமல் புகையாக மேலே போய், புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். படிந்த தார் என்றாவது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே தீ விபத்து. கண்ணாடிக் கதவும் கறுத்துப்போகும், விறகும் வீண். சின்ன அடுப்பைச் சுடர்விட்டு எரிய விடுவதுதான் பாதுகாப்பு. தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

செப்டம்பர் 23
திறந்த கணப்பு பார்க்க எவ்வளவோ அழகு. ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அறைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். நல்ல மூடிய அடுப்பில் 70 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே தங்கும். அதன் புகையும் அம்மாவின் மூச்சுக்கு ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு சூட்டைச் சீராக வைத்திருக்கும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

எஃகு அடுப்பு சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறும். மாலையில் மட்டும் மூட்டுகிறவர்களுக்குச் சரி. மாக்கல் பதித்தது பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் அந்தக் கனத்தைத் தரை தாங்க வேண்டும். எங்களுக்கு இரண்டுக்கும் நடுவிலான வார்ப்பிரும்புதான்.

அக்டோபர் 2
புகைபோக்கி போடுகிறவர் வந்து பார்த்தார். வளைவுகள் கூடக்கூட புகையை மேலே இழுக்கும் இழுப்பு குறையுமாம், அதனால் நேராகக் கூரைக்கு மேலே கொண்டுபோகலாம் என்றார். கூடத்தை ஒட்டிய சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று அவர் கேட்டது முக்கியமான கேள்வி. அது ஓடும்போது வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். ஈடு செய்ய வழி இல்லையென்றால் புகைபோக்கி வழியாகப் புகையே உள்ளே திரும்பும். அடுப்புக்கென்று வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் போடச் சொல்லிவிட்டோம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது என்பதால் அதற்கான அலாரமும் வருகிறது.

அக்டோபர் 9
இன்று விறகு. பச்சை மரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான். எரிப்பதற்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை வெளிப்பக்கம் குத்தினால் நம்ப முடியாது. கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். காய்ந்த விறகில் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. வீணாவது போக, 4 கிலோவாட் அடுப்புக்கு மணிக்குச் சுமார் 1.3 கிலோ தேவைப்படும். கொட்டகையை இதை வைத்துத்தான் நிரப்புகிறேன்.

அக்டோபர் 20
அடுப்பைப் பொருத்திவிட்டார்கள். புதுப் பூச்சு இறுகும் வரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னத் தீயாகவே மூட்ட வேண்டும். அந்த வாடை அடங்கும் வரை அம்மாவுக்கு உள்ளறைதான். அப்புறம் தடிக்கட்டையை அடியிலும் சுள்ளியை உச்சியிலும் வைத்து மேலிருந்து பற்றவைக்கப் போகிறேன், அதில் புகை குறைவு. அலாரத்தை அழுத்திப் பார்த்தேன், நன்றாகக் கத்துகிறது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய அடுத்த கோடைக்கே ஆளிடம் சொல்லி வைத்தாயிற்று.