வரிசை அழிக்கும் மேக்ரோ ஆமை வேகத்தில் ஓடினால்

எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோக்களை எழுதும் மொழியான வி.பி.ஏ. கற்றுக்கொண்ட முதல் வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது இந்த ஒரு விஷயம்தான், அதனால் இப்போது கற்றுக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் மாதாமாதம் பில் பட்டியல் எக்செல்லுக்கு வரும், சுமார் 40,000 வரிசை. அதில் "ரத்து" என்று இருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். மேக்ரோ எழுதினேன், ஓடியது, ஆனால் ஓட விட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது.

முதலில் சரியான விடையே வரவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க மேலிருந்து கீழாக லூப் (அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) போட்டிருந்தேன். 10-வது வரிசையை நீக்கியதும் 11-வது மேலே ஏறி 10 ஆகிவிடும், லூப்போ அடுத்து 11-க்குப் போய்விடும், அதனால் அடுத்தடுத்து இரண்டு ரத்து பில் இருந்தால் ஒன்று தப்பிவிடும். கடைசி வரிசையிலிருந்து ஸ்டெப் மைனஸ் 1 என்று மேலே வந்தால் இது சரியாகிவிடும். அப்புறம் வரிசை எண்ணை வைக்கும் மாறியை இன்டிஜர் என்று அறிவிக்காதீர்கள், 32,767-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ பிழை வரும், பெரிய எண்களையும் தாங்கும் லாங் என்று போடுங்கள்.

வேகத்துக்கு எல்லோரும் சொல்வதுபோல ஸ்கிரீன் அப்டேட்டிங்கை, அதாவது மேக்ரோ ஓடும்போது திரை புதுப்பிக்கப்படுவதை, நிறுத்தினேன். கொஞ்சம்தான் குறைந்தது. ஒரு நாள் பொறுமையாக எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தேன். டெலிட் வரியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கணம் நின்றது, கீழே ஸ்டேட்டஸ் பாரில் "கால்குலேட்டிங்" என்று மின்னி மறைந்தது. அப்போதுதான் புரிந்தது. ஒரு வரிசையை நீக்கினால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் மேலே நகர வேண்டும், அவற்றைச் சுட்டும் ஃபார்முலாக்களின் முகவரி மாற வேண்டும், பிறகு மறுகணக்கும் நடக்கும். ஆஃப்செட், இன்டைரக்ட், டுடே போன்ற ஃபங்ஷன்கள் ஷீட்டில் இருந்தால் இன்னும் மோசம், அவை ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படும். ஷீட்டுக்கு சேஞ்ச் ஈவென்ட் (ஷீட்டில் ஏதாவது மாறும்போது தானே ஓடும் கோட்) எழுதியிருந்தால் அதுவும் ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஓடும்.

கால்குலேஷனை மேனுவல் ஆக்கி (மறுகணக்கு தானாக நடக்காது), ஈவென்ட்களை ஓட விடும் எனேபிள் ஈவென்ட்ஸையும் நிறுத்தினேன், நன்றாகவே வேகம் வந்தது. ஆனால் ஒருமுறை மேக்ரோ நடுவில் பிழையில் நின்றுவிட, மேனுவல் அப்படியே இருந்துவிட்டது. அந்த அமைப்பு ஒரு கோப்புக்கு மட்டுமானது இல்லை, திறந்திருக்கும் எல்லாக் கோப்புக்கும் சேர்த்துத்தான். அன்று வேறொரு கோப்பில் பழைய கூட்டுத்தொகையையே அனுப்பிவிட்டேன். ஆகவே பிழை வந்தாலும் எல்லாவற்றையும் பழையபடி திருப்பும் பகுதியை ஆன் எரர் வழியாக முதலிலேயே எழுதி வையுங்கள்.

உண்மையான தீர்வு, 6,000 ரத்து வரிசைகளை ஒவ்வொன்றாக 6,000 முறை நீக்குவதை ஒரே முறையாக்குவது. நீக்க வேண்டிய வரிசைகளை யூனியன் என்ற கட்டளையால் ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைத்துக் கடைசியில் நீக்கலாம், ஆனால் சிதறிய துண்டுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் யூனியனே இழுக்க ஆரம்பிக்கும். எனக்குக் கைகொடுத்தது வரிசைப்படுத்தும், அதாவது சார்ட் (sort) செய்யும் வழி. ஓரத்தில் ஒரு காலி நெடுவரிசை எடுத்து, வைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு 1, 2, 3 என்று எண், நீக்க வேண்டியவற்றுக்கு வெற்று. அந்த எண்களை அர்ரேயில் (நினைவகத்தில் இருக்கும் பட்டியலில்) தயாரித்து ஒரே மூச்சில் எழுதுங்கள், செல் செல்லாக எழுதினால் அங்கேயும் நேரம் போகும். பிறகு அந்த நெடுவரிசையை ஏறுவரிசையில் சார்ட் செய்தால் வெற்று எல்லாம் கீழே போய் ஒன்றாகச் சேரும், மேலே இருப்பவை பழைய ஒழுங்கிலேயே நிற்கும். கீழே உள்ள ஒரே கட்டை நீக்கினால் முடிந்தது. எனக்குச் சில நொடிகளில் வேலை முடிந்தது. மேல் வரிசையைச் சுட்டி, முந்தைய மீதியோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டே போகும் மீதி ஃபார்முலா இருந்தால் மட்டும் சார்ட் செய்யாதீர்கள், கணக்கு கலைந்துவிடும். மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது, நகல் கோப்பில்தான் சோதியுங்கள்.

வரிசை நுழைப்பதற்கும் இதே வழிதான். 12-க்குப் பின் ஒரு வெற்று வரிசை வேண்டுமென்றால் பட்டியலின் அடியில் எண் நெடுவரிசையில் 12.5 என்று போட்டு சார்ட் செய்யுங்கள், அது தானே போய் அங்கே உட்காரும்.